நாத்தனாரிடம் சொன்ன கேலி

ஹேசல் மூனியாஸின் வண்டியை ஊரில் யாரும் கைகாட்டி நிறுத்த மாட்டார்கள். அந்த வெள்ளை வேன் ஒரு வீட்டு வாசலில் நின்றால், அந்த வீட்டில் யாரோ விமானம் ஏறப் போகிறார்கள் என்று பொருள். மருத்துவ நிலையத்தில் இரண்டு செவிலியர்கள் உண்டு. டாக்டர் மாதத்துக்கு நான்கு நாள் வருவார். மற்றதெல்லாம் தெற்கே, நகரத்தில். காது வலி முற்றினாலும் தெற்கே, பிரசவம் என்றாலும் தெற்கே. சிறுநீரகம் போய்விட்டால் தெற்கே போய் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான். வீட்டு வாசலிலிருந்து ஊர்க்கோடியில் இருக்கும் மண் ஓடுதளம் வரை அவர்களை ஏற்றிப் போவது ஹேசலின் வேலை. பதினான்கு வருடமாகச் செய்கிறாள். கனடாவில், ஒண்டாரியோவின் வடக்கு மூலையில் கிடக்கும் டூ பைன் ஏரியில் ஓஜி-கிரீ பூர்வகுடி மக்கள் எழுநூறு பேர். அந்த வேனின் பின்சீட்டில் உட்காராதவர் என்று அவர்களில் ஒருவரையும் சொல்ல முடியாது. தெற்கே பிறந்த குழந்தைகள் ஊருக்குள் முதன்முதலாக வந்ததே அதில்தான்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் ஏற்றிப் போனது தன் அக்காவை.

டோரினுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஊரில் அவளைப் போல வலை இழுக்க ஆள் இல்லை. காற்று எதிர்த்து அடித்தாலும் துடுப்பை விட மாட்டாள். அவளுக்குத்தான் கால் வீங்கியது, முகம் வீங்கியது, மூச்சு வாங்கியது. மருத்துவ நிலையத்தில் வலி மாத்திரை கொடுத்தார்கள், சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள், திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை என்றைக்கோ வந்து, சிறுநீரகத்தையும் தின்று முடித்திருந்தது. அன்றிலிருந்து டோரின் நகரத்தில் நோயாளிகளுக்கான விடுதியில் ஒரு அறையில் இருக்கிறாள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஊரில் அந்த இயந்திரம் இல்லை. இயந்திரம் வந்தாலும் அதற்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும், அதுவும் இல்லை. ஊர்க் குழாய்களுக்கு மேலே ‘கொதிக்க வைத்துக் குடிக்கவும்’ என்ற சீட்டு ஒட்டிப் பதினேழு வருடம் ஆகிறது. சீட்டு மஞ்சளாகி உதிர்ந்தபோது புதுச் சீட்டு ஒட்டினார்கள்.

டோரின் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வசந்தத்தில் பனி உடைந்து வாத்துகள் வடக்கே திரும்பும்போது தானும் ஊரில் இருக்க வேண்டும். மூன்று வசந்தம் போய்விட்டது.

அதற்கு ஒரு வழி தெரிந்தது போன அக்டோபரில். வட்டாரச் சுகாதார அலுவலகத்தில் ஒரு திட்டம் பேச்சில் இருந்தது: டூ பைன் ஏரியில் நான்கு நாற்காலி கொண்ட டயாலிசிஸ் அறை, அதற்கென்று ஒரு தண்ணீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம். பட்டியலில் டோரினின் பெயர் முதலில். பிப்ரவரியில் குழு கூடி முடிவெடுக்கும். அதற்கு முன் ஊரைப் படமெடுக்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள்.

அவள் பெயர் லினெட் ஹார்க்னெஸ். நாற்பது வயது, சிவப்பு மழைக்கோட்டு, கையில் சின்ன கேமரா. விமானத்திலிருந்து இறங்கி நேராக ஹேசலிடம் வந்தாள். வந்த காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். மாகாணம் முழுக்க மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்களாம்: பூர்வகுடிகளிடம் ஏன் இவ்வளவு நோய்? பத்துப் பேரில் ஏழு பேர் சொன்ன பதில், அவர்கள் சாப்பாடும் பழக்கமும்தான் காரணம் என்பது. அந்த ஏழு பேர் மனசு மாறாமல் மேலே இருப்பவர்கள் பணத்தை அசைக்க மாட்டார்கள். காரணம் என்ன என்பதை உள்ளூர் ஆள் ஒருவர் தன் வாயால் சொல்ல வேண்டும், அந்த ஆள் ஹேசலாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள். சொல்லிவிட்டு, சிவப்புத் துணியில் முடிந்த புகையிலையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

அந்த ஊர் வழக்கத்தை எங்கேயோ கற்றுக்கொண்டு வந்திருந்தாள். புகையிலையை வாங்கினால் கேட்டதற்கு உண்மை சொல்ல வேண்டும். கொடுத்தவருக்கும் கட்டு உண்டு: கேட்டதைப் பத்திரமாக எடுத்துப் போக வேண்டும். ஹேசல் ஒரு நிமிடம் யோசித்தாள். டோரினின் நாற்காலியை நினைத்துக்கொண்டாள். வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலமே கரைக்குப் போய்ப் புகையிலையை ஏரியில் தூவினாள். அதற்குப் பிறகு திருப்பிக் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை.

இனி அந்தக் கேலியைப் பற்றி.

டூ பைன் ஏரியில் யாரும் யாரையும் கேலி செய்துவிட முடியாது. அதற்கு முறை இருக்க வேண்டும். அக்கா தங்கையிடம், சித்தப்பா மகனிடம் அளந்துதான் பேசுவார்கள். அத்தை மகன், மாமன் மகள், நாத்தனார் என்றால் கதவு திறந்துவிட்டது. எதையும் சொல்லலாம், எவ்வளவு கேவலமாகவும் சொல்லலாம். கேலி முறைக்காரரிடம் தன்னையே இறக்கிப் பேசுவதும் அதில் சேர்த்தி. ஒருவர் தன்னை மட்டம் தட்டிக்கொண்டால் அடுத்தவர் அதைவிடத் தன்னை மட்டம் தட்டிக்கொள்ள வேண்டும். இருவரும் தரையைத் தொட்டபிறகுதான் நிஜப் பேச்சு தொடங்கும். முதலில் பேசியதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஹேசலுக்கு அப்படி ஒரு அத்தை மகன் எல்மர் பீர்டி. காலையில் ஓடுதளத்தில் மூட்டை இறக்குவான், மாலையில் ஊர் வானொலியில் பிங்கோ பரிசாட்டத்தின் எண்களை வாசிப்பான். ஹேசலின் வேன் ஓடுதளத்துக்குள் நுழைந்தாலே ஆரம்பித்துவிடுவான்.

“வா மாமன் மகளே. நீ ஓட்டற ஓட்டுக்கு நோயாளி பாதி வழியிலயே குணமாகி எறங்கி ஓடிடறான்.”

“உன் குரலக் கேட்டுத்தான் மச்சான் பாதிப் பேருக்கு நோயே வருது.”

லினெட் வந்த இரண்டாம் நாள் ஓடுதளத்துச் சேற்றில் குப்புற விழுந்தாள். எல்மர் கைகொடுத்துத் தூக்கவில்லை. நகரத்துக்காரர்கள் எங்கள் மண்ணை இப்படித்தான் அளந்து எடுத்துப் போனார்கள் என்றான். ஹேசலுக்குத் திக்கென்றது. லினெட் எழுந்து, முகத்துச் சேற்றைத் துடைக்காமல், அவன் தொப்பியைப் பார்த்தாள். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிற தைரியம் இருந்தால் நானும் மண்ணைக் கேட்டிருக்க மாட்டேன், தொப்பியையே பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன் என்றாள். எல்மர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஹேசல் பக்கம் திரும்பி, “இவ நமக்குக் கேலி முறைதான். உனக்கு நாத்தனாராக்கிக்கோ,” என்றான்.

அப்படித்தான் லினெட் நாத்தனார் ஆனாள். ஹேசல் வீட்டிலேயே தங்கினாள். மூஸ் மான் இறைச்சியும் பேனக் ரொட்டியும் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவும்போது கொதித்து ஆறிய தண்ணீரைத் தொட்டித் தண்ணீரோடு கலந்துவிட்டு ஹேசலிடம் திட்டு வாங்கினாள். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது.

மூன்றாம் நாள் கரையில் உட்கார்ந்து படமெடுத்தார்கள். படகு பக்கத்தில் கவிழ்த்துக் கிடந்தது. எல்மர் அதன்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். லினெட் கேமராவை எதிரே ஓடவிட்டுக் கேட்டாள்: இங்கே ஏன் இத்தனை பேருக்குச் சர்க்கரை?

நாத்தனார் கேட்கிறாள். எல்மர் பார்க்கிறான். ஹேசலுக்கு வாயில் வந்தது அதுதான்.

“நாங்க சோம்பேறிங்க, நாத்தனாரே. படகு ஓட்டச் சொன்னா தூக்கம் வரும். பாப் சோடா டின்னத் தொறக்கச் சொன்னா கை தானா ஓடும்.”

சொல்லிவிட்டுப் பல் தெரியச் சிரித்தாள். எல்மர் சிரித்தான். லினெட்டும் சிரித்தாள், அவள் பதிலுக்குத் தன்னைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று ஹேசல் கொஞ்சம் காத்திருந்தாள். சொல்லவில்லை. சரி, இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்று நினைத்து, ஹேசலே நிஜப் பேச்சுக்குப் போனாள்.

அது மூன்று மணி நேரம் நடந்தது. கட்டி ஐந்தாம் வருடம் பழுதான தண்ணீர் நிலையம், அதற்கு வர வேண்டிய பாகம், வராத பாகம். ஊரின் ஒரே கடையில் ஒரு குடுவைத் தண்ணீரைவிட ஒரு பெட்டி பாப் மலிவு என்பது. பழுப்பாக வரும் குழாய்த் தண்ணீரை நம்பாமல் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பார்கள் என்பது. ஆறு வயதில் வீட்டிலிருந்து பிரித்து, விமானத்தில் ஏற்றி, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான அரசு விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்ட தங்கள் அம்மா. அங்கே பட்டினி கிடந்து கிடந்து, கிழவியாகி இறக்கும்வரை ரொட்டித் துண்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தவள். பிறகு டோரின். எத்தனை தடவை திருப்பி அனுப்பினார்கள், ஒவ்வொரு தடவையும் எந்தச் செவிலி என்ன சொன்னாள், வேனில் திரும்பி வரும்போது டோரின் என்ன சொன்னாள். நான்கு தடவை. நான்கு தடவையும் அக்காவை மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப் போனது ஹேசல்தான், நான்கும் மனப்பாடம்.

கடைசியில் லினெட் அழுதாள். கேமராவை அணைத்துவிட்டு ஹேசலின் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். படம் எடுத்ததற்குச் சம்மதம். ஹேசல் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். நாத்தனார் கொடுத்த தாளை முகத்துக்கு நேரே வைத்துப் படிப்பது மரியாதையாகப் படவில்லை.

குளிர் வந்தது. ஏரி உறைந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை டோரினோடு தொலைபேசியில் பேசுவாள். குழு கூடப் போகிறது என்று டோரின் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். வாத்துச் சமைக்கும் பெரிய பானை யாரிடம் இருக்கிறது, அதைத் திரும்ப வாங்கி வை என்றாள். தன் துப்பாக்கிக்கு எண்ணெய் போடச் சொன்னாள். ஹேசல் இரண்டையும் செய்தாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் டோரின் தொலைபேசியை எடுக்கவில்லை. அடுத்த வாரமும் எடுக்கவில்லை. விடுதிக்காரி எடுத்து, நன்றாகத்தான் இருக்கிறார், பேச வேண்டாம் என்கிறார் என்றாள். ஹேசலுக்கு ஒன்றும் புரியவில்லை. நகரத்துக்குப் போகும் நோயாளி ஒருவருக்குத் துணையாகத் தானே போகிறேன் என்று செவிலியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். உறைந்த மூஸ் இறைச்சி ஒரு பொட்டலம், பேனக் ஆறு.

டயாலிசிஸ் கூடத்தில் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது தன் முகம்தான்.

எதிர்ச் சுவரில், ஓர் ஆள் உயரத்துக்கு. பின்னால் ஏரி, பக்கத்தில் கவிழ்த்த படகு, பல் தெரிந்த சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில்: “படகு ஓட்டச் சொன்னால் தூக்கம் வரும். பாப் சோடா டின்னைத் திறக்கச் சொன்னால் கை தானாக ஓடும்.” அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்: ஹேசல், டூ பைன் ஏரி. மாற்றம் நம் கையில்.

சுவரொட்டிக்கு நேர் எதிரே டோரினின் நாற்காலி. கையில் இரண்டு குழாய். அக்கா கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை. ஹேசல் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

டோரின் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“வாரத்துக்கு மூணு நாள். நாலு மணி நேரம். உன் மூஞ்சியத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கேன்.”

“அக்கா, அது கேலிக்குச் சொன்னது. அவ கேலி முறைன்னு…”

“யாரு முறை? எனக்கு என்ன முறை அவ?”

இங்கே இருக்கிற செவிலி நல்லவள் என்றாள் டோரின். ஊசி வலிக்காமல் குத்துவாள். அவள்தான் ஒருநாள் சுவரொட்டியைக் காட்டி அன்பாகச் சொன்னாளாம்: உங்க தங்கச்சியே ஒத்துக்கிட்டாங்களே, நீங்களும் மனசு வெச்சா முடியும். பக்கத்து நாற்காலிக்காரர், ஒரு வெள்ளைக்காரக் கிழவர், அவருக்கும் சர்க்கரைதான். அவர் சிரித்துக்கொண்டே, உங்களுக்குப் படகு ஓட்டத் தெரியுமா என்று கேட்டாராம்.

“என்னன்னு சொன்னே?”

“தெரியாதுன்னுட்டேன்.”

ஏரியில் எதிர்காற்றில் துடுப்புப் போட்ட கை. இப்போது அதில் பிளாஸ்திரி. ஹேசல் மூஸ் இறைச்சியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. டோரின் கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தாள்.

“நாலு தடவ என்னக் கூட்டிட்டுப் போனியே, அதச் சொல்லலையாடி?”

“சொன்னேன்க்கா. எல்லாம் சொன்னேன். மூணு மணி நேரம் சொன்னேன்.”

“அது எங்க?”

ஹேசல் எழுந்து செவிலியிடம் போனாள். சுவரொட்டியை எடுங்கள் என்றாள். அது அலுவலகம் ஒட்டியது, எடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்றாள் செவிலி. படத்தில் இருப்பவளே வந்து எடுக்கச் சொல்வது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. அப்படியானால் அக்காவின் நாற்காலியை மாற்றுங்கள் என்றாள் ஹேசல். அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு, அடுத்த வாரத்திலிருந்து ஜன்னலோர நாற்காலி என்று எழுதிக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்.

லினெட்டின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. லினெட் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மேசைக்கு மேலேயும் அதே சுவரொட்டி. அவள் அதைப் பெருமையாகத்தான் மாட்டியிருந்தாள். அதுதான் ஹேசலை இன்னும் குழப்பியது.

“மூணு மணி நேரம் பேசினேன், லினெட்.”

இந்தத் தடவை நாத்தனாரே என்று வரவில்லை. லினெட் அதைக் கவனிக்கவில்லை; அவள் பேச்சிலும் ‘நீங்க’ திரும்பி வந்திருந்தது. பெரிய படம் ஒன்று இருக்கிறது, அது அப்புறம் வரும் என்றாள். முதலில் மக்களைக் கூட்டிவைத்துப் போட்டுப் பார்த்தார்களாம், ஆறு குழு.

“தண்ணி பத்தி நீங்க பேசற இடம் வந்ததும் எல்லாரும் கையக் கட்டிக்கிட்டாங்க, ஹேசல். எங்க வரிப்பணம் எங்க போச்சுன்னு கேக்கறாங்க. உங்க அம்மா பள்ளிக்கூடம் வந்ததும், அது எப்பவோ நடந்ததுதானேன்னு எந்திரிச்சுப் போறாங்க. நீங்க சிரிச்ச எடத்துல மட்டும்தான் அவங்களும் சிரிச்சாங்க. உங்கள அவ்ளோ பிடிச்சுப்போச்சு அவங்களுக்கு.”

“அவங்க எதுக்குச் சிரிச்சாங்க?”

லினெட் காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். ஒன்பது நொடிதான், ஆனால் அந்த ஒன்பது நொடியில் மக்கள் காது கொடுக்கிறார்கள்; அங்கிருந்து மெல்ல மெல்ல நிஜத்துக்குக் கொண்டுபோகலாம் என்று மேலே முடிவெடுத்தார்கள் என்றாள். பத்தில் ஏழு பேர் என்ன நினைத்தார்களோ அதை அவர்களுக்கே திருப்பிச் சொல்ல, அவர்கள் திட்டும் ஆட்களிலேயே ஒருத்தியைப் பிடித்திருக்கிறார்கள் என்பது ஹேசலுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. கோபம் வரவில்லை. காலுக்குக் கீழே பனி விரிசல்விடும்போது ஒரு சத்தம் வரும், அது வந்ததுபோல் இருந்தது.

லினெட் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். ஹேசலின் கையெழுத்து.

“நாங்க ஒரு வார்த்தைகூட மாத்தல. நீங்க சொன்னதுதானே.”

“உன்கிட்ட சொன்னேன்,” என்றாள் ஹேசல்.

வெளியே வந்து விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில் அந்த ஒரு வாக்கியத்தை இன்னும் நீட்டியிருக்கலாமோ என்று யோசித்தாள். புகையிலையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நாத்தனார் என்றால் என்ன என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதையும் படமெடுத்திருப்பாள்.

மார்ச்சில் கடிதம் வந்தது. கடிதத்தோடு ஒரு கனமான கட்டு. விமானத்திலிருந்து அதை இறக்கியது எல்மர்; வாங்கி வேனில் வைத்தது ஹேசல். ஊர் சபைக்கு எழுதியிருந்தார்கள்: பொதுமக்கள் கருத்தையும் பிரச்சாரத்துக்குக் கிடைத்த நல்ல வரவேற்பையும் முன்னிட்டு, இந்த ஆண்டு பழக்கவழக்க விழிப்புணர்வுக்கு முன்னுரிமை தரப்படும், டூ பைன் ஏரியில் நான்கு நாற்காலி அமைப்பது இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலிக்கப்படும். அத்துடன் ஊரில் ஒட்டுவதற்காக நாற்பது சுவரொட்டிகள் இணைக்கப்பட்டுள்ளன. ஹேசல் மூனியாஸ் அவர்களின் ஒத்துழைப்புக்கு நன்றி.

எல்மர் கட்டைப் பிரித்துப் பார்த்தான். நாற்பது ஹேசல். வழக்கமாக இந்த இடத்தில் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. உதட்டைத் திறந்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். பிறகு அவன்தான் சொன்னான், நான்தான் அவளை உனக்கு நாத்தனாராக்கினேன் என்று. ஹேசல் மறுக்கவில்லை. அவனை மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை.

டோரினுக்கு யார் சொல்வது? ஹேசல் நாலு நாள் தொலைபேசி அடித்தாள். எடுக்கவில்லை. கடிதத்தைப் பற்றி அக்காவுக்கு அங்கேயே யாரோ சொல்லிவிட்டிருப்பார்கள். ஐந்தாம் நாள் எண்ணெய் போட்ட துப்பாக்கியை அலமாரிக்குள் வைத்தாள். பானையைக் கொடுத்தவள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

கட்டு மட்டும் வேனில் கிடந்தது. ஏற்றின ஒவ்வொரு நோயாளியும் அதன்மேல் கால் வைத்து உட்கார்ந்தார். ஏப்ரலில் ஒருநாள், ஓடுதளத்தில் விமானம் தாமதமான நேரத்தில், ஹேசல் ஒரு சுவரொட்டியை உருவித் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெள்ளை, நல்ல தடிமனான தாள். பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். தண்ணீர் நிலையம் நின்ற வருடம். பாகம் கேட்டு எழுதிய கடிதங்கள். அம்மா ஏறிப்போன விமானம். டோரின், முதல் தடவை, இரண்டாம் தடவை. லினெட்டிடம் சொன்னதெல்லாம், சொன்ன வரிசையில், கேலியை விட்டுவிட்டு. ஆறு தாள் ஆனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஊரில் எல்லா வீட்டிலும் வானொலி ஓடும். ஆறு மணிக்குப் பிங்கோ. எண்ணைத் தவறவிட யாருக்கும் மனசில்லை. ஹேசல் ஐந்தரைக்கு நிலையத்துக்குள் நுழைந்தாள். நிலையம் என்பது ஊர் சபைக் கட்டிடத்தில் ஒரு அறை, ஒரு ஒலிவாங்கி, ஒரு தொலைபேசி. எல்மர் எண் பெட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தான். நான் அரை மணி நேரம் பேச வேண்டும் என்றாள். அவன் நகர்ந்து உட்கார்ந்தான்.

சொந்த மொழியில் வாசித்தாள். ஊருக்குத் தெரியாத செய்தி அதில் ஒன்றுமில்லை. கேட்டுக்கொண்டிருந்த எழுநூறு பேரும் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள், அந்தக் கடையில் வாங்கியவர்கள், அந்த விமானத்தில் ஏறிய தாய்மார்களின் பிள்ளைகள். இதைக் கேட்க வேண்டியவர்கள் தெற்கே, கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அது ஹேசலுக்குத் தெரியும். வாசித்தாள். கடைசியில் தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னாள்: அந்தப் படத்தில் இருப்பது நான் சொன்னதுதான், அதை வெளியாளிடம் சொன்னது என் தப்பு, எங்க அக்கா எந்தக் காத்துலயும் துடுப்பை விட்டதில்லை.

மணி ஆறேகால். பிங்கோ இன்னும் தொடங்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்டு அழைக்கவில்லை. பிறகு தொலைபேசி அடித்தது. ஒரு பெண், தன் தாய் மருத்துவ நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தேதியைச் சொன்னாள், வைத்துவிட்டாள். இன்னொருவர். இன்னொருவர். எல்லோரும் தேதியும் பெயரும் மட்டும் சொன்னார்கள். எல்மர் பிங்கோ அட்டையின் பின்னால் குறித்துக்கொண்டே இருந்தான். வானொலி இணையத்திலும் போகும். தெற்கே விடுதியில் இருக்கும் ஊர்க்காரர்கள் பிங்கோவுக்காக அதைப் போட்டு வைத்திருப்பார்கள்.

ஒன்பதாவது அழைப்பில் எல்மர் எண்ணைப் பார்த்தான். நகரத்து எண். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் தொலைபேசியை வைத்தான்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு டோரின்.

“நாலு தடவன்னு சொன்னா என் தங்கச்சி. நாலு இல்ல, அஞ்சு. முதல் தடவ நான் தனியா நடந்து போனேன். அன்னைக்கு அவ வண்டியில வேற ஒருத்தர் படுத்திருந்தாரு. அதையும் எழுதிக்கச் சொல்லு.”

ஹேசல் பேனாவைத் தேடினாள். ஆறாவது தாளில் நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினாள். கூரைக்கு மேலே முதல் வாத்துக் கூட்டம் கத்திக்கொண்டு வடக்கே போனது. அந்தச் சத்தம் தொலைபேசி வழியாகத் தெற்கே கேட்டிருக்கும்.

“அப்புறம் என்ன சொன்னாங்கக்கா, அந்த முதல் தடவ?” என்று கேட்டாள் ஹேசல்.